கடவுளோடு சண்டை போடலாமா?

வாலிபப் பிள்ளை இறந்த வீடு. கூடத்தில் பெட்டி. சபையார் பாடிக்கொண்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் கர்த்தர் சித்தம்மா" என்கிறார்கள். "அழக் கூடாது, பிள்ளை நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கான்" என்கிறார்கள். தாய் தலையாட்டுகிறாள். உள்ளே ஓடுவது வேறு. நான் என்ன குறை வைத்தேன்? உனக்குக் கண் இல்லையா? இதை வாய்விட்டுச் சொன்னால் விசுவாசம் போய்விட்டது என்பார்கள். போதாததற்கு, கடவுளையே கேள்வி கேட்டுவிட்டோமே, இன்னும் ஏதாவது வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

ஒரே சபை, ஒரே வேதாகமம், ஒரே ஜெபம். ஆனால் அதே மாதிரி இழப்பைச் சந்தித்த இன்னொரு வீட்டில், "அவர் இல்லேன்னா நான் என்னிக்கோ செத்திருப்பேன்" என்று ஒருத்தி மனதாரச் சொல்கிறாள். ஒரே நம்பிக்கை ஒருத்தியைத் தாங்குகிறது, இன்னொருத்தியை வதைக்கிறது. ஏன்? வதைபடுகிறவள் அந்தக் கோபத்தை அடக்கிக்கொள்வது நல்லதா, கொட்டிவிடுவது நல்லதா? ஆயர்களும் துறவிகளும் பல நூற்றாண்டுகளாக வாதாடிய கேள்வி இது. கடந்த நாற்பது ஆண்டுகளாக உளவியலாளர்கள் இதை அளந்தும் பார்த்து வருகிறார்கள்.

அளக்கப் புகுந்தவர்களில் சிலர் கேள்வியையே தப்பாகக் கேட்டார்கள் என்பது என் கருத்து. அமெரிக்காவில் இதய அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 1,802 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு புகழ்பெற்றது. ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் நடந்து 2006இல் வெளியானது. நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்காக முன்பின் தெரியாத கிறிஸ்தவக் குழுக்கள் ஜெபித்தன. இரண்டாம் குழுவுக்கு ஜெபம் இல்லை. தங்களுக்காக ஜெபம் நடக்கிறதா இல்லையா என்பது இந்த இரு குழுவினருக்கும் தெரியாது. மூன்றாம் குழுவுக்கு ஜெபமும் உண்டு, அது நடக்கிறது என்ற சேதியும் சொல்லப்பட்டது. அறுவைக்குப் பின் சிக்கல் ஏற்பட்டவர்கள் முதல் குழுவில் 52 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 51, மூன்றாவதில் 59. 'ஜெபம் வேலை செய்யவில்லை' என்று ஒரு சாரார் கைகொட்டினார்கள். 'கடவுளைச் சோதிக்கலாமா' என்று இன்னொரு சாரார் கோபித்தார்கள். ஜெபிக்கிற மனிதருக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்த ஆய்வு தொடவே இல்லை. அதுவோ உளவியலால் தொடக்கூடிய விஷயம்.

அதைத் தொட்டவர் கென்னத் பார்கமென்ட். ஓஹையோ மாநிலத்தில் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 'பக்தி உண்டா, இல்லையா' என்று அவர் கேட்கவில்லை. துன்பம் வரும்போது பக்தியை எப்படிக் கையாள்கிறார்கள் என்று கேட்டார். பலரிடம் பேசியதில் இரண்டு போக்குகள் தெரிந்தன. ஒன்று, துணை தேடுவது: கடவுளோடு நெருங்கப் பார்ப்பது, அவரோடு சேர்ந்து திட்டமிடுவது, மன்னிப்பைத் தேடுவது. இதைச் சமய வழித் தாங்குதல் எனலாம். மற்றது, கடவுளோடு மல்லுக்கட்டுவது: என்னைக் கைவிட்டாரோ, தண்டிக்கிறாரோ, அவருக்கு என்மேல் அன்பு உண்டா, சபையும் என்னை விட்டுவிட்டதோ, இது பிசாசின் வேலையோ. இதற்கு ஆன்மிகப் போராட்டம் என்று பெயர். இரண்டையும் அளக்க ஒரு கேள்வித்தாள் வகுத்தார்: இரண்டுக்கும் ஏழேழு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' முதல் 'மிகவும்' வரை நான்கு படிகளில் பதில். கடவுள் இருக்கிறாரா என்பதை இந்தத் தாள் அளக்காது. அவரை நம்புகிறவரின் மனதில் அந்த உறவு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். சுவாரசியம் என்னவென்றால், இந்த இரண்டும் எதிரெதிர் துருவங்கள் அல்ல. ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் இரண்டும் ஓங்கி நிற்கலாம். காலையில் துதி, இரவில் வழக்கு.

பார்கமென்டும் ஹரால்ட் கோனிக்கும் கூட்டாளிகளும் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு வட கரோலினாவின் டர்ஹம் நகர மருத்துவமனைகளுக்குப் போனார்கள். கிறிஸ்தவம் ஊறிய பகுதி. 55 வயதைக் கடந்த 596 உள்நோயாளிகளிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி தேடினார்கள். அதற்குள் 176 பேர் இறந்திருந்தார்கள். தொடக்கத்தில் ஆன்மிகப் போராட்டத்தில் இருந்தவர்களிடையே இறப்புக்கான வாய்ப்பு கூடியிருந்தது. குறிப்பாக, கடவுள் தன்னைக் கைவிட்டாரோ என்று எண்ணியவர்களுக்கு 28 விழுக்காடும், அவருடைய அன்பைச் சந்தேகித்தவர்களுக்கு 22 விழுக்காடும் கூடுதல். 2001இல் முடிவு வெளியானது.

இங்கே எந்த வாசகருக்கும் ஒரு சந்தேகம் வர வேண்டும். சாகக் கிடக்கிறவருக்குத்தானே கைவிடப்பட்ட எண்ணமும் வரும்? எண்ணம் நோயைக் கூட்டியதா, நோய் எண்ணத்தைக் கொடுத்ததா? புது உரம் போட்ட வயலில் விளைச்சல் கூடினால் உரத்தைப் பாராட்டுமுன் மண்ணையும் தண்ணீரையும் பார்ப்போம். ஒரே மண், ஒரே வாய்க்கால் பாயும் வயல்களில், உரம் போட்டதையும் போடாததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உரத்தின் பங்கு தெரியும். ஆய்வாளர்கள் செய்ததும் அதுதான். வயது, கல்வி, நோயின் கடுமை, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன், மனச்சோர்வு ஆகியவற்றில் சமமானவர்களைக் கணக்கில் ஒப்பிட்டார்கள். அப்படிக் கழித்த பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. ஆனாலும் இது கூர்ந்து பார்த்தல்தான், சோதனை அல்ல. நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் 'நீங்கள் கடவுள்மேல் கோபப்படுங்கள்' என்று சொல்ல முடியாது. கணக்கில் பிடிபடாத வேறு காரணம் ஒளிந்திருக்கலாம். 'கடவுளைக் கோபித்தால் சாவு' என்று இதிலிருந்து எவராவது பிரசங்கம் செய்தால் நம்ப வேண்டாம்.

பிரசங்கத்துக்கு உதவாத அடுத்த பகுதிதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. உயிரோடிருந்து மறுபேட்டிக்குக் கிடைத்த 268 பேரின் விவரம் 2004இல் வந்தது. முதல் முறையும் போராட்டம், இரண்டாண்டு கழித்தும் அதே போராட்டம் என்று இருந்தவர்களுக்குத்தான் உடல்நிலையும் வாழ்க்கைத் தரமும் சரிந்திருந்தன. ஒரு காலத்தில் போராடிவிட்டு வெளியே வந்தவர்கள் அப்படிச் சரியவில்லை. இதை வைத்துப் பார்த்தால், கடவுளோடு சண்டை போட்டதில் கேடு இல்லை. சண்டை முடியாமல் நீடித்ததில்தான் கேடு.

அப்படியானால் சிலர் வெளியே வருவதும் சிலர் சிக்கிக்கொள்வதும் எதனால்? இதற்கு விடை தேட ஆலயத்தை விட்டுக் குழந்தைகள் வார்டுக்குப் போக வேண்டும்.

1950 வாக்கில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோரை எளிதில் விடமாட்டார்கள். லண்டன் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் ஜான் பௌல்பியுடன் வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன், சிறு அறுவைக்காக எட்டு நாள் தங்கவேண்டியிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படம்பிடித்தார். 1952இல் அந்தப் படத்தை மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அரங்கில் கடும் எதிர்ப்பு. தாயைப் பிரிந்த குழந்தைகளிடம் அவர் கண்டது மூன்று கட்டங்கள். முதலில் எதிர்ப்பு: கத்தல், கட்டிலை உதைத்தல், வாசலையே பார்த்துக்கொண்டிருத்தல். பிறகு விரக்தி: ஓய்ந்துபோய்ச் சுருண்டு கிடத்தல். கடைசியில் விலகல்: குழந்தை சாப்பிடும், சிரிக்கும், யார் மடியிலும் உட்காரும். தாய் வந்தால் திரும்பிப் பார்க்காது. தாதிகள் இந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துத்தான் 'பிள்ளை நன்றாகப் பழகிவிட்டது' என்று மகிழ்ந்தார்கள். உண்மையில் நிலைமை மிக மோசமாகியிருந்தது அந்தப் பிள்ளைக்குத்தான். உதைக்கிற குழந்தைக்கு அம்மா வருவாள் என்ற எதிர்பார்ப்பு உயிரோடு இருக்கிறது.

பௌல்பி இதிலிருந்து எழுப்பியதுதான் பிணைப்புக் கோட்பாடு. பயத்தில் ஓடி ஒளிய ஒரு மடி, துணிந்து வெளியே போக ஒரு தளம், பிரிந்தால் தவிப்பு: பிணைப்புக்கு இவை அடையாளங்கள். அமெரிக்க உளவியலாளர் லீ கர்க்பாட்ரிக் 1990 முதல் சொல்லி வருவது, ஒரு விசுவாசி கடவுளோடு கொண்டுள்ள உறவும் இதே அச்சில்தான் இயங்குகிறது என்பது. ஆபத்தில் 'அப்பா' என்று கூப்பிடுவது அந்த மடியைத் தேடித்தான். சுவீடனில் பேர் கிரான்குவிஸ்ட் போன்றோர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பெற்றோரிடம் பாதுகாப்பாக வளர்ந்தவர்கள் கடவுளையும் நம்பத்தக்கவராகக் காண்பது இயல்பாகக் காணப்படுகிறது. அந்தப் பாதுகாப்பு கிடைக்காதவர்களிடம் திடீர் மனமாற்றமும், பின்னர் விலகலும், ஏறி இறங்கும் பக்தியும் கூடுதலாகத் தென்படுகின்றன. இது போக்குதான், விதி அல்ல. அடி வாங்கி வளர்ந்த எத்தனையோ பேர் கடவுளிடம் முதன்முறையாக ஒரு தகப்பனைக் கண்டிருக்கிறார்கள்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், சாவு வீட்டில் தலையாட்டிக்கொண்டிருந்த தாயின் கேள்வி வேறு மாதிரி தெரிகிறது. அது விசுவாசம் அறுந்ததன் அடையாளம் அல்ல. கட்டிலை உதைக்கும் குழந்தையின் எதிர்ப்பு.

வேதாகமத்தைத் தொகுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீட்டுப் பாடல்கள். கடவுளைத் தூங்குகிறவர் என்கின்றன, மறந்தவர் என்கின்றன, முகத்தை மறைத்துக்கொண்டவர் என்கின்றன. பெரும்பாலானவை முடிவில் நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை, இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் அதை நீக்காமல் வைத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசு கூவியதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான், அதுவும் கைவிடப்பட்டவனின் கேள்வி. தமிழ் மண்ணுக்கும் இது அந்நியம் அல்ல. கண் போன சுந்தரர் சிவனைப் பாடிய பாட்டில் இருந்தது துதி மட்டுமா? வால்டர் புருகமன் என்ற அமெரிக்க வேத அறிஞர் 1986இல் ஒரு கட்டுரை எழுதினார். வழிபாட்டிலிருந்து முறையீட்டுப் பாடல்களை ஒதுக்கிவிட்டுத் துதிப் பாடல்களை மட்டும் வைத்துக்கொண்ட சபைகள், நேர்மையாகப் பேசும் உரிமையையே மக்களிடமிருந்து பறித்துவிட்டன என்பது அதன் சாரம். நம் ஊர் சாட்சி நேரத்தை நினைத்துப் பாருங்கள். குணமானவருக்கு மைக் கிடைக்கும். குணமாகாதவர் எந்தக் கூட்டத்தில் பேசியிருக்கிறார்?

பேசாமல் அடக்கினால் உடம்புக்கு என்ன ஆகிறது? ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் மாணவர்களுக்கு அருவருப்பான மருத்துவக் காட்சிகளைப் போட்டுக் காட்டி, பாதிப் பேரிடம் உணர்ச்சியை முகத்தில் காட்டவே கூடாது என்றார்கள். 1993இல் வெளியான ஆய்வு. அடக்கியவர்களின் முகம் அமைதியாக இருந்தது. ஆனால் அருவருப்பு அவர்களுக்கு எள்ளளவும் குறையவில்லை. தோலின் வியர்வையும் விரல் இரத்தக்குழாய்களின் இறுக்கமும், உள்ளே அவசரநிலை ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டின. மாறாக, உணர்ச்சிக்குப் பெயரிட்டாலே மூளையின் அபாய மணியான அமிக்டலாவின் செயல்பாடு தணிகிறது என்று மேத்யூ லீபர்மன் குழு 2007இல் மூளைப் படங்களில் கண்டது. 'நீர் என்னை மறந்தீர்' என்று சொல்வதும் ஒரு வகையில் பெயரிடுதல்தானே. ஒரு எச்சரிக்கை: கிராஸும் லீபர்மனும் பார்த்தது சில நொடி, சில நிமிடச் சலனங்களை. அவற்றைப் பல ஆண்டுத் துக்கத்தின் மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது.

சொன்னால் மட்டும் போதாது. யாரிடம் சொல்கிறோம் என்பதும் இருக்கிறது. ஜூலி எக்ஸ்லைன் என்ற உளவியலாளர் கடவுள்மேல் கோபம் என்பதையே தன் துறையாக்கிக்கொண்டவர். அந்தக் கோபத்தை யாரிடமாவது சொன்னவர்களை அவரும் ஜோஷுவா கிரப்ஸும் 2011இல் ஆராய்ந்தார்கள். கேட்டவர் பரிவோடு கேட்டிருந்தால், சொன்னவர் கடவுளை மறுபடி நெருங்க முயல்வது கூடுதலாகக் காணப்பட்டது. கேட்டவர் வெட்கப்படுத்தியிருந்தால் கோபம் தங்கிப்போவதும், அதை மூடி மறைப்பதும், குடி முதலான போதையில் இறங்குவதும், கடவுளையே விட்டு விலகுவதும் கூடின. எக்ஸ்லைன் குழு இன்னொரு கோட்டையும் தெளிவாக இழுக்கிறது. முறையிடுவது வேறு, வெளியேறுவது வேறு. கோபத்தையும் கேள்வியையும் அனுமதித்துக்கொண்டே உறவை விடாமல் இருக்க முடியும். பலர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

யோபுவின் நண்பர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. வாயைத் திறந்து, 'நீ ஏதோ தப்பு செய்திருப்பாய்' என்று கடவுளுக்காக வக்காலத்து வாங்கியபோதுதான் கெட்டது. புத்தகத்தின் முடிவில் கடவுளின் கோபம், சண்டை போட்ட யோபுவின் மேல் அல்ல, வக்காலத்து வாங்கிய அந்த மூவர் மேல் இறங்குகிறது.

ஆனால் எல்லாப் போராட்டமும் பரிவான காதால் தீர்ந்துவிடாது. ஜான் பன்யன் 1666இல், பெட்ஃபர்டு சிறையில் இருந்தபோது வெளியிட்ட தன்வரலாற்றில், கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் இரவும் பகலும் தன்னைத் துரத்தியதையும், மன்னிப்பே இல்லாத பாவத்தைச் செய்துவிட்டோம் என்று நடுங்கியதையும் எழுதியிருக்கிறார். இன்றைய மனநல மருத்துவர் இதைப் படித்தால் எண்ணச் சுழற்சி நோயின் சமய வடிவம் என்று ஐயப்படுவார். வில்லியம் ஜேம்ஸ் 1902லேயே பன்யனை நோயுற்ற மனத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்தார். இப்படிப்பட்டவரிடம் இன்னும் பாவ அறிக்கை செய் என்பது நெருப்பில் நெய். ஒவ்வொரு அறிக்கையும் சிறிது நேர நிம்மதி தந்து அடுத்த சுற்றைத் தொடங்கிவைக்கும். இதற்கு மருந்தும் நடத்தைச் சிகிச்சையும் இருக்கின்றன, ஆயர் அனுப்பிவைக்க வேண்டியது அங்கேதான். பன்யன் இந்த அனுபவத்தைப் பின்னாளில் அவநம்பிக்கைச் சேறாகவும் சந்தேகக் கோட்டையாகவும் ஓர் உருவகக் கதையில் வைத்தார். அதைத் தழுவித்தான் நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தார். அவநம்பிக்கையும் பயணத்தின் பாதையிலேயே இருக்கிறது என்பது அப்படித் தமிழ்க் காப்பியத்துக்குள்ளும் வந்து சேர்ந்தது.

சரி, போராட்டம் மனிதரை வளர்க்குமா? 'அந்தக் கஷ்டம்தான் என்னை ஆண்டவரிடம் நெருங்க வைத்தது' என்பதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். துன்பத்துக்குப் பின்னான வளர்ச்சி என்று உளவியலிலும் இதற்கு ஒரு கேள்வித்தாள் உண்டு. ஆனால் பட்ரீஷியா ஃபிரேசியர் குழு 2009இல் ஒரு குறும்பு செய்தது. கல்லூரி மாணவர்களை முன்கூட்டியே அளந்துவைத்து, இடையில் பெருந்துன்பம் நேர்ந்தவர்களை மறுபடி அளந்தது. வளர்ந்துவிட்டதாக அவர்கள் சொன்னதற்கும், முன்பின் அளவுகளில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை. பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. வளர்ந்தேன் என்று நம்புவதே தாங்கிக்கொள்ளும் ஒரு வழியாக இருக்கலாம். எட்டு வார இடைவெளி வளர்ச்சிக்குப் போதாமலும் இருந்திருக்கலாம். ஆனாலும் சாட்சிகளைக் கேட்கும்போது இது நினைவில் இருப்பது நல்லது. துக்கத்தில் இருப்பவரிடம் போய், இதனால் நீ வளர்வாய் என்று சொல்வதற்கு அறிவியல் நமக்கு உரிமம் தரவில்லை.

சிகிச்சையில் கிடைத்த சான்று இதைவிடத் திடமானது. போரில் மனக்காயம் பட்ட அமெரிக்க வீரர்களுக்காக ஐரீன் ஹாரிஸ் என்ற உளவியலாளர் எட்டு அமர்வுக் குழுப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார். 'அந்தக் குழந்தை சாகும்போது நீ எங்கே இருந்தாய்?' போன்ற கேள்விகளை மூடிவைக்காமல் நடுவில் வைத்துப் பேசுவது அதன் அடிப்படை. 138 வீரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, வழக்கமான குழுச் சிகிச்சையோடு ஒப்பிட்ட முடிவு 2018இல் வந்தது. மனக்காய அறிகுறிகள் இரண்டிலும் ஒரே மாதிரிக் குறைந்தன. கடவுளோடு உள்ள உறவில் இருந்த வேதனை மட்டும் ஹாரிஸின் குழுவில் கூடுதலாகத் தணிந்தது. அற்புதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேதனையைத் தனியே அளக்கவும் முடியும், தனியே குறைக்கவும் முடியும் என்று காட்டியது சிறிய காரியம் அல்ல.

இதில் யாருக்கு உதவி தேவை என்று பரபரப்பான வார்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? சிகாகோவின் ரஷ் மருத்துவமனையில் ஆன்மிகப் பணியாளராகவும் ஆய்வாளராகவும் இருந்த ஜார்ஜ் ஃபிட்செட், தாதியோ மருத்துவரோ ஓரிரு நிமிடத்தில் கேட்கக்கூடிய சில கேள்விகளை வகுத்தார். இந்த நோயைச் சமாளிக்க உங்களுக்குச் சமய நம்பிக்கை முக்கியமா? 'ஆமாம்' என்றால், இப்போது அதிலிருந்து வேண்டிய அளவு பலம் கிடைக்கிறதா? 'போதவில்லை', 'கிடைக்கவே இல்லை' என்றால் ஆன்மிகப் பணியாளருக்குத் தகவல் போகும். முதல் கேள்விக்கே 'முக்கியம் இல்லை' என்று சொன்னவரை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஃபிட்செட் அவரிடமும் ஒன்று கேட்கச் சொன்னார்: எப்போதாவது முக்கியமாக இருந்ததா? 'இருந்தது' என்று பதில் வந்தால், அவர் பெயரும் பட்டியலில் ஏறும்.